வீட்டைச் சூடாக்க வேண்டாம், ஆளைச் சூடாக்குங்கள்!

மார்கழி பிறந்தால் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கடைவீதிகளில் மூன்று சாமான்கள் மளமளவென்று விற்கும். ஒன்று, மங்கி குல்லா. இரண்டு, ரூம் ஹீட்டர். மூன்று, மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி. குல்லாவைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, தாராளமாக வாங்குங்கள். ஹீட்டர் உங்கள் பர்ஸைக் காலி பண்ணும். கரி, படுக்கையறைக்குள் போனால் ஆளையே காலி பண்ணிவிடும்.

'இதென்ன, சித்த வைத்தியர் சுக்கு, மிளகு என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால் கரி மூட்டையில் ஆரம்பிக்கிறாரே!' என்று நினைக்கிறீர்களா? சுக்குக்கும் வருகிறேன். முதலில் உயிர். அப்புறம்தான் ஜலதோஷம்.

சென்னையிலும் மதுரையிலும் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள், "நமக்கெதுக்கு சார் இதெல்லாம்? குளிர்ந்தா ஃபேனை ஒரு பாயிண்ட் குறைச்சாப் போச்சு" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பையன் டெல்லியில் வாடகை அறையில் இருக்கலாம். பெண்ணைக் கோத்தகிரியில் கட்டிக் கொடுத்திருக்கலாம். பொங்கல் லீவுக்குக் கொடைக்கானல் போக நீங்களே ரூம் போட்டு வைத்திருக்கலாம்.

நான் படித்தது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில். வெயிலுக்குப் பேர்போன ஊர். முன்பனி, பின்பனி என்கிற பெரும்பொழுதுகளை எல்லாம் அங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் மனப்பாடம் செய்தோம். பிழைப்பு என்னை நீலகிரிக்குக் கொண்டு வந்த பிறகுதான் பனி என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் பாருங்கள், புல்வெளி பூராவும் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி உறைபனி. சில நாள் பாதரசம் சைபரைத் தொடும். டூரிஸ்ட்டுகளுக்கு அது போட்டோ. தகரக் கூரை போட்ட இரண்டு ரூம் வீட்டில், எழுபது வயது மாமியாரையும் ஆறு மாதக் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு அது ராத்திரி முழுக்கப் போராட்டம்.

அந்தப் போராட்டத்தில்தான் கரி அடுப்பு உள்ளே வருகிறது. எப்படி வருகிறது தெரியுமா? ரொம்ப ஜாக்கிரதையாகத்தான்! வாசலில் வைத்துப் பற்ற வைப்பார்கள். விசிறுவார்கள். புகையெல்லாம் அடங்கி, கரி செக்கச்செவேலென்று தணலாகிறவரை காத்திருப்பார்கள். "இனிமே புகை வராது" என்று தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைப்பார்கள். குளிர்காற்று வராமல் கதவு, ஜன்னலை இறுக மூடி, இண்டு இடுக்கில் எல்லாம் துணியைத் திணித்துவிட்டுப் படுப்பார்கள்.

புகை போனால் ஆபத்து போயிற்று என்பது தப்புக் கணக்கு. சொல்லப் போனால் புகை நமக்கு நண்பன். கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், 'எழுந்து வெளியே ஓடு' என்று துரத்தும். தணலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு அப்படித் துரத்தாது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையை அறுக்காது. கரி முழுசாக எரியக் காற்று போதாதபோது உண்டாகிற வாயு அது. புகை அடங்கிய தணலிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். மூடின அறையில் வெளியே போக வழி இல்லாமல் அங்கேயே சேர்ந்துகொண்டே போகும்.

உள்ளே போய் என்ன செய்யும்? நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கப் போகிற டவுன் பஸ் அதுதான். இந்த வாயு, ஆக்சிஜனுக்கு என்று இருக்கிற சீட்டில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும், லேசில் எழுந்திருக்காது. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஏற வேண்டிய ஆள் ஏறவில்லை. முதலில் தலை வலிக்கும். கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் அசதி வரும். பிறகு தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். ஏற்கெனவே தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் தெரியாது. அவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவர்களில் இரண்டு பேர், பார்பெக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகஸ்டு மாதம், கவனியுங்கள். மார்கழிகூட இல்லை.

கொஞ்ச நேரம் சுவாசித்துவிட்டுத் தப்பித்தவர்கள் என்னிடம் வருவதுண்டு. "வைத்தியரய்யா, ரெண்டு நாளா காலைல எழுந்தா தலை பாரம், வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பித்தம் ஜாஸ்தியாயிடுச்சு போல" என்பார்கள். நாடி பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வீட்ல வேற யாருக்கும் இதே மாதிரி இருக்கா?" "ஆமாங்க, அவருக்கும் இருக்கு, பாப்பாவும் ராத்திரி வாந்தி எடுத்துச்சு." பித்தம் இப்படிக் குடும்பத்தோடு சேர்ந்து ஒரே ராத்திரியில் வராது அம்மா! ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, வெளியே போய் நின்றால் தேவலை, உள்ளே வந்தால் மறுபடி என்று இருந்தால், சந்தேகப்பட வேண்டியது நேற்று சாப்பிட்ட பரோட்டாவை அல்ல, மூலையில் இருக்கிற கரிச் சட்டியை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் இந்த விஷவாயு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தச் சின்னக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார். அது பாட்டுக்கு 98, 99 என்று காட்டிக்கொண்டு இருக்கும். 'நார்மலாத்தானே இருக்கு' என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் ஆபத்து.

அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது? கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். அடுப்பை அணைக்கிறேன் என்று உள்ளேயே நிற்காதீர்கள்; காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார். 108-க்கு போன் போடுங்கள். அந்த நேரத்தில் தேவை ஆக்சிஜன். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அப்போது என்னைத் தேடி வராதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளாக இருந்தால், "இப்ப பரவால்லைங்க" என்று அவர்களே சொன்னாலும் கேட்க வேண்டாம். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் இந்த வாயு தாயின் ரத்தத்தை விட அதிகமாகத் தங்கும். தாய் தெளிவாக எழுந்து உட்கார்ந்தாலும் உள்ளே குழந்தை தத்தளித்துக்கொண்டு இருக்கலாம்.

"டாக்டர், எங்க பாட்டி காலத்துல எல்லாம் கும்மட்டி அடுப்பு வெச்சுக் குளிர் காயலையா? அவங்க தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கலையா?" இதுதான் எனக்கு வருகிற முதல் எதிர்க்கேள்வி. பாட்டி காலம் என்ன, அதற்கும் முன்னால் போவோமே. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கூதிர்காலத்து மழையில் விசிறிகள் சிலந்தி வலை பின்னித் தொங்குவதையும், ஜனங்கள் குளிர்ந்த நீரைத் தொடாமல் வாயகன்ற தடவு என்கிற நெருப்புச் சட்டியில் குளிர் காய்வதையும் நக்கீரர் அழகாகச் சொல்லியிருக்கிறார். ஆக, பழக்கம் பழசுதான். நான் மறுக்கவில்லை. மாறிப்போனது வீடு!

உங்கள் பாட்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் முற்றம். மேலே ஓடு, ஓட்டுக்கு ஓடு இடைவெளி. கதவுக்கு அடியில் பூனை புகுந்து போகிற சந்து. நெருப்புச் சட்டி வைத்தாலும் வாயு தங்காது. பிரிட்டிஷ்காரன் ஊட்டியிலும் குன்னூரிலும் கட்டிய பங்களாக்களைப் பாருங்கள்: கணப்பு இருக்கிற அறையில் எல்லாம் புகைபோக்கியும் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? கான்கிரீட் கூரை, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், சிமெண்ட் பூச்சில் ஒரு பொத்தல் இல்லாத அறை கட்டிக்கொண்டு, அதற்குள் பாட்டியின் கும்மட்டியைக் கொண்டு வைக்கிறோம். 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று பேர் வைத்தால் எதுவும் கெடுதல் பண்ணாது என்கிற நம்பிக்கை ஒன்று இப்போது பரவி வருகிறது. என் மருந்துகளுக்கே அது பொருந்தாது. கரிக்கு எப்படிப் பொருந்தும்?

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா?" என்றும் கேட்பார்கள். எவ்வளவு திறந்தால் போதும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடு ராத்திரி குளிர் தாங்காமல் யாராவது எழுந்து அதையும் சாத்திவிடுவார்கள். குளிர் காய்ந்தே ஆக வேண்டுமானால் வெளித் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்து, விழித்திருக்கும்போது காயுங்கள். படுக்கிற நேரத்தில் தணலில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வாருங்கள். சாம்பல் பூத்துவிட்டதே, அணைந்துவிட்டது என்று எடுத்து வராதீர்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் அதுவும் அதே வாயுவைக் கக்கும். கீசரை வெளியே மாற்றுங்கள்.

சரி, கரி வேண்டாம் என்றால் ஹீட்டர்தானே என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். 2,000 வாட் ஹீட்டர் விடாமல் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 16 யூனிட். கரண்ட் பில் வருகிற இரண்டு மாதத்துக்கு, அறுபது ராத்திரியில் 960 யூனிட்! யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கட்டணம் நம்முடையது என்பதை மறந்துவிடாதீர்கள். இத்தனை செலவு செய்து எதைச் சூடாக்குகிறோம்? பீரோவை, சுவரை, உத்தரத்தை, கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியை! அந்தச் சூடும் கதவு இடுக்கு வழியாகப் போய்விடுகிறது. பழைய வீட்டு வயரிங்கில், சாதாரண ப்ளக்கில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதைச் செருகினால் தீப்பிடிக்கிற அபாயம் வேறு. கட்டாயம் தேவைப்படுகிறவர்கள், படுக்கப் போகிறதுக்கு முன்னால் அரை மணி போட்டு, பவர் ப்ளக்கில் நேராகச் செருகி, தூங்கும்போது நிறுத்திவிடுங்கள். அதன் மேல் ஈரத்துணி காயப் போடாதீர்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டைச் சூடாக்கிக் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. மனித உடம்பே ஒரு அடுப்பு. முப்பத்தேழு டிகிரியில் நாள் முழுக்கக் கனன்றுகொண்டு இருக்கிறது. அந்தச் சூடு வீணாகாமல் பிடித்து வைத்தால் போதும்.

நீலகிரியில் தோடர் மக்களின் பழைய குடிலைப் பார்த்திருக்கிறீர்களா? பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மூங்கில், பிரம்பு, புல். உள்ளே போகிற வாசல் தவழ்ந்து போகிற அளவுதான். ஏன்? கனமான புல் கூரை சூட்டை விடாது. சின்ன வாசல் காற்றை விடாது. இந்த யோசனையை நம் வீட்டிலும் செய்யலாம். பனி கடுமையாக இருக்கிற ஒன்றரை மாதம், ஆளுக்கொரு ரூம் என்ற கௌரவத்தை விட்டுவிட்டு, தெற்கிலோ மேற்கிலோ வெயில் படுகிற ஒரு அறையில் எல்லோரும் படுங்கள். பகலில் அந்த ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் இறங்குவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்திக் கனமான திரையை இழுத்து விடுங்கள். ஆறு மணிக்குக் குளிர் உள்ளே வந்த பிறகு சாத்திப் பிரயோஜனம் இல்லை. கதவுக்கு அடியில் பழைய பேண்ட் காலைத் தைத்து மணல் நிரப்பி ஒரு உருளை போட்டால், காற்று நிற்கும். செலவு? தையல் நூல்தான். மேலே இருக்கிற சின்ன வென்டிலேட்டரை மட்டும் அடைக்காதீர்கள். நாலு பேர் மூச்சு விடுகிற ஈரம் வெளியே போக வேண்டும். அறைக்குள் துணி காயப் போட்டு, சுவர் ஈரமாகி, மூலையில் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்தால் குழந்தைக்கு இளைப்பு வரும்.

போர்வையை ஒன்றுக்கு மூன்றாக வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குளிர் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, கீழே இருந்தும் வருகிறது! மூன்று போர்வை போர்த்திக்கொண்டு சிமெண்ட் தரையில் வெறும் பாயில் படுத்தால் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் பழைய செய்தித்தாளை நாலைந்து அடுக்குப் பரப்பி, மேலே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமக்காளம், இலவம்பஞ்சு மெத்தை. மெத்தையைப் பகலில் வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். நமுத்த பஞ்சு சூடு காக்காது. உடுப்பிலும் இதே கதைதான். ஒரு தடித்த ஸ்வெட்டரை விட, பனியன், பருத்திச் சட்டை, மேலே கம்பளி என்று மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். இடையில் சிக்குகிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. காலுறை ஈரமாக இருந்தால் போடாமல் இருப்பதே நல்லது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரப்பர் வெந்நீர்ப் பை. மருந்துக் கடையில் கிடைக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சுட வைக்க இருபது கிராம் கேஸ் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அறுபது ராத்திரிக்கு 1.2 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹீட்டரின் 960 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் கால் மணி நேரம் முன்னாலேயே வைத்துவிடுங்கள். படுக்கும்போது மெத்தை கதகதப்பாக இருக்கும். பையின் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். மின்சாரப் படுக்கை விரிப்பு வைத்திருப்பவர்களும் இப்படியே, அரை மணி முன்னால் போட்டு, படுக்கிறபோது ஸ்விட்சை அணைத்துவிடலாம். அதற்கு ஆகிற கரண்ட் மிகக் கொஞ்சம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. இதை உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பாதம் 'ஜில்'லென்று இருக்கிறது என்று வெந்நீர்ப் பை மேலேயே காலை வைத்துத் தூங்கிவிட்டார். பல வருஷச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. சுட்டது தெரியவில்லை. காலையில் குதிகாலில் இட்லி அளவு கொப்புளம். அந்தப் புண் ஆறவும், சர்ஜன் கத்தியை எடுக்காமல் இருக்கவும் நாலு மாதம் ஆயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீர்ப் பையைப் படுக்கையைச் சூடாக்க மட்டும் வையுங்கள், படுக்கிறபோது எடுத்துவிடுங்கள். காலுக்குத் தளர்வான கம்பளிக் காலுறை போதும். நெருப்பில் காலை நீட்டிக் குளிர் காய்வதும் கூடாது. வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் வேறு யாராவது முழங்கையால் சூடு பார்த்துச் சொல்லட்டும்.

கைக்குழந்தைக்கும் வெந்நீர்ப் பை வேண்டாம். அதை விட நல்ல, காசு இல்லாத ஹீட்டர் தாயிடம் இருக்கிறது! குறைமாதக் குழந்தைகளை ஆஸ்பத்திரிகளில் இப்போது 'கங்காரு பராமரிப்பு' என்று தாயின் வெறும் மார்போடு அணைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துகிறார்கள். தோலோடு தோல் படுகிறபோது குழந்தைக்கு வேண்டிய சூடு கிடைத்துவிடும். அப்பாவும் செய்யலாம், வெட்கப்பட வேண்டாம். பிரசவ அறையில் நெருப்புச் சட்டி வைக்கிறது, குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறது இரண்டும் என் வோட்டு இல்லை. தலையைத் துணியால் துவட்டினாலே காய்ந்துவிடும். பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. நீலகிரித் தைலத்தைக் குழந்தையின் மூக்கில் தடவுவதும் வேண்டாம். அந்த பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது; கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரை கொண்டு போய்விடும்.

ஆண்களுக்கு ஒன்று. "குளிருக்கு ஒரு கட்டிங் போட்டா கணகணன்னு இருக்கு டாக்டர்!" கணகணப்பது தோல்தான். மது, தோலில் இருக்கிற ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டு வந்து கொட்டுகிறது. உள்ளுடம்பு இன்னும் குளிர்ந்து போகும். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தவர்கள் விறைத்துப் போவது அதனால்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விடிகாலை ஐந்து மணி வாக்கிங்கையும் இந்த மாதங்களில் வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும்.

இப்போது சுக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம், பனிக்கால ஐயத்துக்கு நாங்கள் கொடுக்கிற பழைய மருந்து. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். தோல் சீவிய சுக்கு ஒரு பங்கு, மல்லி விதை இரண்டு பங்கு, மிளகு கால் பங்கு, இரண்டு ஏலக்காய் தட்டி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொதிக்கவிட்டு, பனைவெல்லம் போட்டுச் சாயங்காலம் சாப்பிடுங்கள். ராத்திரிக்குக் கொள்ளு ரசம், சூடான சாதம், எட்டு மணிக்குள். இதெல்லாம் உடம்புக்கு இதம், அவ்வளவுதான். சுக்குக் காபி குடித்துவிட்டேன், ஸ்வெட்டர் வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகைக் குறையுங்கள், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்குப் பனைவெல்லமும் சர்க்கரைதான். எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டாம்; விடிகாலையில் இல்லாமல், பதினோரு மணிக்கு வெயில் ஏறின பிறகு வெந்நீரில் குளித்து உடனே தலையைத் துவட்டுங்கள்.

"எல்லாம் சரி டாக்டர், ஏற்கெனவே ஒரு மூட்டை கரி வாங்கிப் போட்டுட்டமே" என்பவர்களுக்கு: தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இன்னும் கரிப் பெட்டிதான் வைத்திருக்கிறாரா, பாருங்கள். திறந்த வண்டியில் நின்று தேய்க்கிறவர் அவர். அரை விலை சொன்னால் மூட்டையை அவரே வந்து தூக்கிக்கொண்டு போவார். அந்தப் பணத்தில் ஒரு வெந்நீர்ப் பை வாங்கிவிடலாம்.